பின் சீட்டில் தூங்கிய அம்மா

“எங்க அண்ணனைச் சாக விடுங்க” என்று கேட்டேன்.

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். மாமாவும் சொல்லியிருந்தார். அவளுக்கு இருக்கிற ஒரே பிடியையும் உருவிவிடாதே, படித்த திமிரை அங்கே போய்க் காட்டாதே, வாயை மூடிக்கொண்டு இரு என்றார். போன வாரம் வரை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

கேட்டது ஸ்டாண்டு அண்ணாவிடம். போன் ரிப்பேர் கடையில் என் அண்ணனோடு வேலை பார்த்தவன். கேமராவுக்கு ஸ்டாண்டு வாங்க வக்கில்லாத நாளில், செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்று படம் எடுத்துக் கொடுத்ததால் அண்ணன் வைத்த பெயர் அது. நேரில் நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது அவன்தான்.

அவன் உட்கார்ந்திருந்தது அண்ணன் வீடியோ எடுத்த அறையில். சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சுப் பலகை ஒட்டியிருந்தது. ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். மேஜைக்கு மேலே வட்ட விளக்கு எரிந்தது. மைக்கின் மேல் இருந்த பஞ்சு கிழிந்து போனதால் அண்ணன் தன் பழைய காலுறையை மாட்டி வைத்திருந்தான். அது இன்னும் அப்படியே இருந்தது. அதைக் கழற்றக் கூட யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணனுடைய சேனலில் முகம் வராது. இரண்டு கையும் ஒரு குரலும்தான். “நீங்க பாக்க வேண்டியது பொருள, என் மூஞ்சிய இல்ல” என்பான். முகமில்லாத அந்த மனிதனை லட்சக்கணக்கான பேர் அண்ணா, அண்ணா என்று உருகினார்கள். சும்மா உருகவில்லை. ஒரு போனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதைக் கொஞ்ச நாள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிவான். கீழே போடுவான். சலவைக்கூடத்தில் வேலை செய்யும் அம்மாவின் ஈரக் கையில் கொடுத்துப் பேசச் சொல்வான். கடைசியில் திருகுகளைக் கழற்றி உள்ளே பார்ப்பான். புரியாத இடம் வந்தால், “இது எனக்குத் தெரியல” என்று அதையும் வெட்டாமல் வெளியிடுவான். பத்தாவதோடு படிப்பை விட்டவன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவனுக்கு வெட்கமே இருந்ததில்லை. பட்டம் வாங்கிய எனக்கு இருந்தது.

பிறகு கார்க்காரர்கள் வந்தார்கள். மின்சாரக் காரும் ஒரு பெரிய போன்தானே தம்பி, பேட்டரி, திரை, அப்டேட், வேறென்ன இருக்கிறது என்று கம்பெனி ஆள் ஒருவர் இதே அறையில் உட்கார்ந்து சொன்னாராம். கழுவித் துடைத்து, முழுக்க சார்ஜ் ஏற்றி, ஒரு மதியத்துக்கு வண்டியைக் கொடுத்தார்கள். பின் சீட்டில் அவர்கள் ஆள் ஒருவர் கூடவே வந்தார். அண்ணனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. உரிமம் கூட எடுத்ததில்லை. ஸ்டீயரிங்கில் தெரிந்த கை ஸ்டாண்டுடையது. “ஸ்டீயரிங் என்ன லேசு பாருங்க” என்ற குரல் மட்டும் அண்ணனுடையது.

அந்த வீடியோ வந்த அன்று வீட்டில் சண்டை போட்டேன். நான் மின்பொறியியல் படித்தவள், வேலை பார்ப்பது பேட்டரி பழுது பார்க்கும் இடத்தில். போன் சூடானால் மேஜையில் வைத்துவிடலாம். மேட்டில் பாரத்தோடு ஏறும் வண்டியை எங்கே வைப்பது? நான் என்ன பொய் சொன்னேன் என்று அண்ணன் கேட்டான். பொய் சொல்லவில்லை, தெரியாது என்று சொல்லவில்லை, அதுதான் என்றேன். வக்கீலு ஆரம்பிச்சுட்டா என்று தட்டைப் பார்த்துச் சிரித்தான். எதற்கும் வாதாடுவதால் அவன் எனக்கு வைத்த பெயர் அது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க எங்களுக்கு வாய்க்கவில்லை. மழை விட்ட ஒரு காலையில், ரோட்டைக் கடக்கும்போது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

ஊருக்கெல்லாம் அண்ணன். பாடையைத் தூக்கத் தெருக்காரர்கள்தான் வந்தார்கள். முகம் தெரியாதவன் செத்தால் யாருக்குத் தெரியும்?

துக்கம் ஆறுவதற்குள் ஸ்டாண்டு வீட்டுக்கு வந்தான். நான் வேலைக்குப் போயிருந்தேன். பழைய வீடியோக்களையெல்லாம் கொடுத்து அண்ணன் குரலைக் கம்ப்யூட்டரில் செய்து வாங்கியிருந்தான். சேனலை நிறுத்தினால் எல்லாரும் மறந்துவிடுவார்கள், அவன் பேச்சாவது இருக்கட்டும் அம்மா என்று சொல்லிவிட்டு, அவள் காதுக்குப் பக்கத்தில் போனை வைத்திருக்கிறான். அதிலிருந்து வந்தது இரண்டே வார்த்தை. “சாப்டியா, அம்மா?”

அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் சலவைக்கூடத்து அலமாரியில், மடித்த ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு நடுவே போன் பேசிக்கொண்டே இருக்கும். கார் கதவு சாத்துகிற சத்தத்தையும், எத்தனை யூனிட் பேட்டரி என்பதையும் அவள் மந்திரம் போலக் கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டில் அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலேயும் அது கேட்கும். செத்தவன் பக்கத்து அறையில் உட்கார்ந்து வண்டி விற்றுக்கொண்டிருக்கிறான் என்று தோன்றும். இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன்.

போன வாரம் சலவைக்கூடத்திலிருந்து எதிரக்கா என்னைத் தேடி வந்தார். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அம்மா ஒரு முனை, அவர் எதிர் முனை, அதனால் அந்தப் பெயர். என் வேலையிடத்து வாசலில் நின்றபடி, உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கிப் பேசினார்.

“உங்கம்மா புதுக் கார்ல மலைக்குப் போய்ட்டு வந்தேங்கறாங்க, பாப்பா. யார்கூடன்னு கேட்டேன். அவன்கூடத்தான், வேற யார் கூட்டிட்டுப் போவாங்கறாங்க. எனக்கு அப்பிடியே கையில இருந்த துணி நழுவிடுச்சு.”

அன்றைக்குத்தான், அண்ணன் போன பிறகு ஸ்டாண்டு போட்ட அந்த மலை வீடியோவை முழுக்கப் பார்த்தேன். வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை, மேலே பஞ்சு மேகம், ஸ்டாண்டின் கை, அண்ணனின் குரல். “எங்கம்மாவப் பின் சீட்ல உக்கார வச்சு மலை ஏறினேன். பாதி வழியில திரும்பிப் பாத்தா, தூங்கிட்டாங்க. இதுக்கு மேல என்ன ரிவ்யூ வேணும்?” கீழே கருத்துகளில், அம்மா தூங்கினால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஆயிரம் பேர் எழுதியிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு என்றே எழுதியிருந்தார்கள்.

மாமா வாடகைக் கார் ஓட்டுபவர். மலை ஏறி இறங்குவதுதான் அவர் பிழைப்பு. பழைய வண்டியை விற்றுவிட்டு அந்தக் காரை எடுக்கப்போவதாகச் சொன்னார். நான் அந்தக் குரலை நம்பவில்லையம்மா, அது பொம்மை என்று எனக்கும் தெரியும், ஆனால் அக்காவே போய்விட்டு வந்திருக்கிறாள், ஸ்டாண்டுதான் கூட்டிப் போயிருப்பான், அவள் எனக்குப் பொய் சொல்வாளா என்றார். பொம்மை அம்மாவிடம் சொன்னது. அம்மா தம்பியிடம் சொன்னாள். அவர் நாளைக்கு நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுவார்.

அதனால்தான் கேட்டேன்.

ஸ்டாண்டு பாட்டிலை என் பக்கம் தள்ளினான். தண்ணீர் குடிக்கிறாயா என்றான். அந்த மலை ஏறினீர்களா என்று கேட்டேன். வண்டி ஒரு மதியம்தான் கையில் இருந்தது, ஊரைச் சுற்றிய சமதளச் சாலையோடு சரி, மலைப்படம் கம்பெனி கொடுத்தது என்றான். ஏறும் என்று அவர்கள் சொன்னார்கள் என்றான். பாரத்தோடு, ஏசி ஓட, எத்தனை தூரம் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை என்பது மட்டும் எனக்கு இப்போது தெரிந்துவிட்டது.

“எல்லாரும் பண்றதுதான்மா இது. உங்கண்ணனும் பண்ணினான்ல.”

அது உறைத்தது. உண்மை என்பதால் உறைத்தது. கை ஒருவனுடையது, குரல் ஒருவனுடையது என்ற ஏற்பாடு அவன் உயிரோடு இருந்தபோதே தொடங்கியதுதான். குரல் அன்றைக்கே அவனை விட்டுக் கிளம்பிவிட்டது. உடம்பு பிற்பாடு போனது.

நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்தானோ என்னவோ, கீபோர்டை இழுத்து ஏதோ தட்டினான். மேஜை மேல் இருந்த ஸ்பீக்கரிலிருந்து அண்ணன் பேசினான்.

“வக்கீலு, கோவத்த விடு.”

“ம்” என்றேன்.

நான் சொல்லவில்லை. என் வாய் சொன்னது. இருபது வருடமாக அந்தக் குரலுக்கு ‘ம்’ கொட்டிப் பழகிய வாய். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அது அண்ணனுடைய நாற்காலி. அம்மா ஏன் தலையாட்டினாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கே இப்படி என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

“இன்னொரு தடவ அதத் தொட்டீங்கன்னா, இந்த மேஜையக் கவுத்துடுவேண்ணா.”

அவன் கையை எடுத்துக்கொண்டான். பிறகு, இது நம் இரண்டு பேர் விஷயமில்லை, அம்மா கொடுத்த அனுமதி, அம்மா நிறுத்தச் சொன்னால் இந்த நிமிடமே நிறுத்துகிறேன் என்றான். அவள் சொல்லமாட்டாள் என்ற தைரியம். நான் தடுப்பதற்குள் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

பின்னால் துணி உலர்த்தும் இயந்திரம் உருளும் சத்தம். அம்மா, என்னப்பா என்றாள். நான் பேசினேன். அந்தக் கார்ல நிஜமாவே போனியாம்மா என்று கேட்டேன்.

“போனேனேடி. ஒங்கிட்ட சொல்லல? நீ எங்க நின்னு கேக்கற.”

“யாரும்மா ஓட்டினது?”

“அவந்தான். மேடு ஏறும்போது காத அடைச்சுது. வாயத் தெறந்து வச்சுக்கோம்மான்னான். அப்புறம் நல்லாத் தூங்கிட்டேன். எழுப்ப மனசு வரலன்னான். எறங்கறப்போ செருப்பு சீட்டுக்கு அடியில போயிடுச்சு, குனிஞ்சு எடுத்துக் குடுத்தான்.” கொஞ்சம் நிறுத்தினாள். “கை ஜில்லுனு இருந்துச்சுடி. என்னடா இப்பிடி ஜில்லுனு இருக்குன்னு கேட்டேன். ஏசிம்மான்னான்.”

எதிரக்கா விரிப்பைப் பிடிக்கக் கூப்பிட்டிருக்க வேண்டும். வந்துட்டேன் என்று யாரிடமோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பஞ்சு ஒட்டிய அறையில் மூச்சு கூடத் திரும்பி வராது. ஸ்டாண்டின் முகம் வட்ட விளக்கில் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது.

“செருப்பு நான் எழுதல” என்றான். “காது, கை... எதையும் நான் எழுதல. தூங்குனாங்கன்னு மட்டுந்தான் எழுதினேன். சத்தியமா.”

தெரியும் என்றேன். ஒரு வரி எழுதிப் போட்டான். மீதிப் பயணத்தை அவளே போய்விட்டு வந்துவிட்டாள்.

அவன் உண்மையிலேயே பயந்திருந்தான். எழுந்து, உட்கார்ந்து, திரும்ப எழுந்தான். சட்டென்று நிறுத்தினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றான். மெதுவாக இறக்கிவிடலாம், ஒப்புக்கொண்ட கார் வீடியோவை மட்டும் முடித்துவிட்டு, கடைசியாக ஒன்று செய்யலாம் என்றான். “அவனே போய்ட்டு வரேம்மான்னு சொல்ற மாதிரி எழுதறேன். அவங்க மனசு ஆறிடும். ஒனக்கும் ரெண்டு வார்த்த சொல்ல வக்கிறேன். என்ன சொல்லணும்னு நீயே எழுதிக் குடு.”

எனக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். ரோட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. என்னிடம் தட்டைப் பார்த்துச் சிரித்ததுதான் மிச்சம். நான் எழுதிக் கொடுத்தால், நீ சொன்னது சரிதான் வக்கீலு என்று கூட அது சொல்லும். அதே குரலில், அதே இழுப்பில் சொல்லும். நான் என்ன எழுதினாலும் சொல்லும். கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்தாலும் சொல்லும்.

கீபோர்டு எனக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. விரல்கள் அதன் பக்கம் போனதை நானே பார்த்தேன்.

கையை மடக்கிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

“எங்க போற?”

“மொதல்ல அம்மாகிட்ட. அப்புறம் மாமாகிட்ட. அப்புறம் என் மூஞ்சியக் காட்டி எல்லார்கிட்டயும். நான் அவன் தங்கச்சி, அவன் செத்துட்டான், அந்த மலைக்கு யாரும் போகலன்னு.”

சேனல் போய்விடும் என்றான். போகட்டும் என்றேன். கம்பெனி கேஸ் போடும் என்றான். போடட்டும். யார் மேல் போடுவார்கள், செத்தவன் மேலா என்றேன். கடைசியாகத்தான் அதைக் கேட்டான். அழுதுவிடுவான் போலிருந்தது.

“அம்மா தாங்குவாங்களா?”

“தாங்க மாட்டா” என்றேன். “அதனாலதான் போன்ல சொல்லல.”

கதவிலும் பஞ்சு ஒட்டியிருந்ததால் கனமாக இருந்தது. தோளால் தள்ளினேன். வெளியே நல்ல வெயில், வண்டிகளின் இரைச்சல், யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்தாமல் படியிறங்கிச் சலவைக்கூடம் இருக்கும் பக்கம் நடந்தேன்.