கதவைச் சாத்தக் கூடாது

என் அண்ணனுக்கு எங்கள் வட்டாரத்தில் 'மைக்' என்று பெயர். மைக் கையில் கிடைத்தால் விடமாட்டான், கிடைக்காவிட்டாலும் விடமாட்டான். ஒரு காலத்தில் நான் அறை சுத்தம் செய்யும் இதே ஓட்டலில் பெட்டி தூக்கியவன், இப்போது ஓட்டல் தொழிலாளர் சங்கத்தின் தலைவன். "ஊருக்கு ஆளைக் கூட்டிட்டு வர்றது கடல் இல்ல, படுக்கை விரிக்கிற கை!" என்று அவன் மேடையில் முழங்கியபோது, முதல் வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டியவள் நான்.

இந்த முறை கைதட்டலோடு போகிற விஷயம் இல்லை. பயணிகள் வராத மாதங்களில் எங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சீசனுக்குக் கூப்பிட்டுக்கொள்வார்களாம். அதுவரை காற்றைக் குடித்து உயிர் வாழ வேண்டும் போலிருக்கிறது. ஒருவரையும் அனுப்பக் கூடாது என்று முதலாளிகளிடம் அண்ணன்தான் பேச வேண்டும். "பேசி முடிக்கிற வரைக்கும் அவங்க தண்ணியைக்கூடத் தொடமாட்டேன். சங்க ஆபீஸ்லதான் படுக்கை" என்று எங்கள் முன்னால் சத்தியம் செய்தான். என்னோடு வேலை பார்க்கும் அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் புருஷன் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. "உங்கண்ணன் இருக்கான், எனக்கு பயமில்லடி" என்றாள்.

பேச்சுவார்த்தை நாளன்று மேல்மாடியில் வேலை செய்யும் பெண்களில் ஒருத்திக்குக் காய்ச்சல். கீழ்மாடியில் வேலை செய்யும் என்னையும் அக்காவையும் மேலே அனுப்பினார்கள். "கடைசி அறையில முதலாளியோட விருந்தாளி. நேத்து வச்ச பழக்கூடை காலியாம், புதுசு வை" என்றார் மேற்பார்வையாளர்.

தட்டினேன். பதில் இல்லை. சாவி போட்டுத் திறந்தேன். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. சுத்தம் செய்யும்போது கதவை அகலத் திறந்து, தள்ளுவண்டியை வாசலில் குறுக்கே நிறுத்த வேண்டும். உள்ளே நடப்பது வெளியே தெரிந்தால் விருந்தாளிக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. அப்படியே நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

நாற்காலியில் ஒரு நீலச் சட்டை தொங்கியது. அதன் இரண்டாவது பொத்தான் மட்டும் கறுப்பு நூலில் தைத்திருந்தது. நீல நூல் தீர்ந்துபோனதால் முந்தின நாள் காலையில் நான்தான் அப்படித் தைத்துக் கொடுத்தேன்.

குளியலறைக் கதவு திறந்தது. ஓட்டல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அண்ணன் நின்றான்.

"நீ கீழ்மாடிதானே?" என்றான். முதலில் அதைத்தான் கேட்டான்.

"சங்க ஆபீஸ்ல படுத்துக்கிறேன்னு சொன்னியே அண்ணே?"

"கத்தாத. எல்லாம் நேத்தே பேசி முடிச்சாச்சு. தொழில் நின்னாத்தான் நாம நிக்க முடியும். பாதிப் பேர் போனாத்தான் மீதிப் பேருக்கு வேலை. சுற்றுலா முதலாளிகள் சங்கத்துக்கும் இனிமே நான்தான் பேச்சாளர். தொழிலுக்கும் பேசுவேன், தொழிலாளிக்கும் பேசுவேன்."

"அக்கா?"

அவன் கண் கூடையில் கிடந்த பழத்தோலுக்குப் போனது. "எல்லாரையும் காப்பாத்த முடியுமா? உன்னை அனுப்ப மாட்டாங்க. அதை முதல்லயே பேசிட்டேன்."

என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்னைக் கேட்காமலே என்னையும் கூட்டாளியாக்கிவிட்டான். கூடப் பிறந்தவனே எல்லார் கழுத்தையும் அறுத்துவிட்டு, நன்றி வேறு எதிர்பார்த்து நிற்கிறான்.

நடையில் அக்காவின் குரல் கேட்டது. அண்ணன் முகம் வெளிறியது.

"கதவைச் சாத்து."

"சுத்தம் பண்றப்ப சாத்தக் கூடாது."

"நான் உன் அண்ணன்டி! சாத்து!"

நான் நகரவில்லை. தலையணை உறைகளோடு அக்கா வண்டிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அவனைப் பார்த்தாள், பழக்கூடையைப் பார்த்தாள். பின்னால் மற்ற பெண்களும் வந்து சேர்ந்தார்கள்.

"தம்பி, நானும் போகணுமா?" என்று கேட்டாள்.

மைக் வாயைத் திறக்கவில்லை.

நான் அவன் படுத்த விரிப்பை உருவினேன். புதியதை விரித்து மூலைகளைச் செருகினேன். கண்ணீர் விழுந்த இடத்தைக் கையால் தேய்த்துவிட்டேன். புதிய பழக்கூடையை மட்டும் திரும்ப வண்டியில் வைத்தேன்.

"பாப்பா..." என்றான்.

"வேற ஏதாவது வேணுமா, சார்?" என்று கேட்டேன்.