பாதியில் எடுத்த மூச்சு

1.
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது; மறைப்பானேன். ஒரு சேர்ந்திசைக் குழுவில் கணவனும் மனைவியும் பாடுகிறார்கள். தனிக்குரலுக்கென்று ஒரு வரி. பதினெட்டு எண்ணும்வரை மூச்சு விடாமல் பாட வேண்டும். அது இருவரில் ஒருவருக்குத்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அவன் குச்சி மாதிரி இருப்பான், அவளோ சற்றே பூசினாற்போல—’

(வேண்டாம். அவளே படித்துவிட்டுச் சொன்னாள்: “குண்டுன்னே எழுதுங்களேன், எதுக்கு இந்தச் சுத்தி வளைப்பு?”)

சரி. குண்டு.

2.
“பொம்பளைங்களுக்கு மூச்சு நெஞ்சோட சரி. ஆம்பளைங்க வயித்துலேர்ந்து எடுப்போம். அதான் நிக்குது.” பல வருடமாக அவன் அடித்துவிட்ட கதை இது.

பாடகர்களின் மூச்சை ஆராயும் பெண் ஒருத்தி வந்து, ஒவ்வொருவர் நெஞ்சிலும் வயிற்றிலும் மூச்சளக்கும் பட்டை கட்டிப் பாடச் சொன்னாள். திரையில் மனைவியின் வயிற்றுக் கோடு ஜம்மென்று ஏறி இறங்கியது. அவனுக்கு நெஞ்சுதான் எகிறியது. வயிறு அசையவே இல்லை.

“மெஷின் ரிப்பேரா?”

“நல்லாத்தான் இருக்கு சார். இந்தக் குழுவுல ஆணா பெண்ணாங்கிறதைவிட உடம்பு வாகுதான் வித்தியாசம் காட்டுது.”

எல்லோரும் சிரித்தார்கள். அசையாத அந்த வயிறு அப்போது பற்றி எரிந்தது.

3.
அதன்பின் அவள் துணி மடித்துக்கொண்டே பாடினாலும் எண்ணினான். அவளுக்கு அலட்டாமல் இருபத்திரண்டு. அவனுக்கு முக்கி முனகிப் பதினெட்டு.

[அவனை நல்லவனாகக் காட்ட ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். பெண்டாட்டிக்குச் சளி பிடிக்க வேண்டுமென்று சாமி கும்பிட்டவன் அவன்.]

அந்தத் தனிவரி யாருக்கென்று தேர்வு வைத்த அன்று அவன் முகம் சிவக்கப் பதினெட்டைத் தொட்டான். அடுத்து அவள். பதினான்கில் நிறுத்தி மூச்சு எடுத்தாள். வரி அவனுக்கு.

“என்னாச்சு உனக்கு?”

“மூச்சு முட்டிடுச்சுங்க,” என்றவள், வீடு வரும்வரை பேருந்தின் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

4.
முடிவு ஒன்று: நிஜமாகவே முட்டியது. முடிவு இரண்டு: விட்டுக்கொடுத்தாள். அவன் தோற்றிருந்தால் ஒரு வாரம் எரிந்து அடங்கியிருப்பான். விட்டுக்கொடுத்தாளென்றால் ஆயுசுக்கும் எரிய வேண்டும். எது என்று அவளைக் கேட்டேன். “கதை உங்களுது,” என்று போய்விட்டாள்.

ஆமாம், அவன் நான்தான்.

நீங்களே பாருங்கள். கீழே உள்ளதை வாய்விட்டு, ஒரே மூச்சில் படியுங்கள். நடுவில் மூச்சு முட்டி நின்றால், அவளுக்கும் நிஜமாகவே முட்டியது. நிற்காமல் வந்துவிட்டால், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்:

பதினான்குவரை பிசிறில்லாமல் வந்துகொண்டிருந்தவள், நான் விரல்விட்டு எண்ணுவதை ஓரக்கண்ணால் பார்த்து, என் முகத்தில் என்னத்தைக் கண்டாளோ, வயிற்றில் இன்னும் மிச்சமிருக்கும்போதே வாயை மூடி, தனக்குத் தேவையே இல்லாத ஒரு மூச்சை, எல்லோர் காதிலும் விழும்படி