ஆளில்லாமலே ஐந்து கிலோ அதிகம்

என் தங்கை மெரினின் கணவன் லிண்ட்ஸே, தென் ஆஸ்திரேலியாவில் எங்கள் கடீனா நகரசபையில் பூங்கா விளையாட்டுச் சாதனங்களைப் பரிசோதிக்கும் அதிகாரி. ஊஞ்சல் சங்கிலியின் தேய்மானத்தை மில்லிமீட்டரில் அளப்பவன். அவன் கையெழுத்துப் போடாமல் இந்த ஊரில் ஒரு குழந்தையும் சறுக்கி விளையாட முடியாது. இப்படிப்பட்டவனிடம், பாலைவனப் பாதையில் குடும்பத்தோடு போய்வர எந்த வண்டி வாங்கலாம் என்ற கேள்வியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் நான்கு வருடம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஓர் அட்டவணை ஆயிற்று. நாற்பத்தொரு பத்திகள். எந்த வண்டியின் எந்தப் பாகம் எத்தனையாவது ஆயிரம் கிலோமீட்டரில் உயிரை விடும் என்பது முதல், கதவுப் பிடிக்குள் தூசி நுழையுமா என்பது வரை அதில் இருந்தது. ஜப்பான் வண்டி வழியில் நிற்காது, ஆனால் உட்கார்ந்தால் இடுப்பு போகும். ஆங்கிலேய வண்டியில் இடுப்புக்குச் சுகம், ஆனால் எங்கே நிற்கும் என்பது அதற்கே தெரியாது. கொரியா வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்னும் பத்து வருடம் போனால்தான் சொல்ல முடியும். பத்து வருடம் காத்திருக்கவும் லிண்ட்ஸே தயாராகவே இருந்தான்.

இந்த அட்டவணையால் அவனுக்கு ஊரில் பெரிய பேர். எங்கள் ஃபோர்-வீல் டிரைவ் வண்டிக்காரர் சங்கத்தில் யார் வண்டி வாங்கினாலும் முதலில் அவனிடம் வந்து கேட்பார்கள். அவனும் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, திறந்த பானெட்டுக்குள் ஒரு மருத்துவரைப் போல எட்டிப் பார்த்து, "ம்" என்பான். அந்த "ம்"மைக் கேட்டு வண்டியை விற்றவர்கள் உண்டு. இத்தனைக்கும் அவன் வடக்கே போர்ட் அகஸ்டாவைத் தாண்டியதில்லை. அங்கே போனதும் பல் டாக்டரைப் பார்க்க.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருடம் யாருடைய வண்டி பாதியில் நின்று, இழுவை வண்டியில் கட்டி இழுத்து வரப்பட்டதோ, அவர் டிசம்பர் ஆண்டு விருந்தில் ரோஜா நிற ஏப்ரன் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் சாஸேஜ் பரிமாற வேண்டும். பரிமாறும்போது நடந்த கதையைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்று அதற்கு நேர்முக வர்ணனை செய்பவன் லிண்ட்ஸே. ஆறு வருடமாக அவன்தான். ஈவு இரக்கம் பார்க்க மாட்டான். போன வருடம் எங்கள் பாதிரியாரையே கண்கலங்க வைத்தான்.

ஆகவே அவனால் வண்டி வாங்க முடியவில்லை. வாங்கினால் போக வேண்டும். போனால் வழியில் நின்றுவிடலாம்.

இதற்கிடையில் அவர்களின் மகள் டீகன் வளர்ந்துவிட்டாள். அட்டவணை தொடங்கியபோது பதின்மூன்று வயது, இப்போது பதினேழு. பிப்ரவரியில் கடலியல் படிக்கக் கடல் தாண்டி ஹோபர்ட் நகருக்குப் போகிறாள். அதற்குமுன் அவளுக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு ஜூலை விடுமுறை. அப்பா, அம்மா, தம்பி, அவள் என்று நான்கு பேரும் ஒன்றாகப் போவதாக இருந்தால் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் இறைச்சி அடைத்த பேஸ்ட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மெரின் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"லிண்ட்ஸே, ஜூலை ஆறாந்தேதி காலைல நானும் பிள்ளைங்களும் கிளம்பறோம். வண்டி இருந்தா வண்டில. இல்லைன்னா ஸ்கூல் பஸ்ல."

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வெறும் மிரட்டலாக இருக்காது.

"ஸ்கூல் பஸ் அந்தப் பாதைல தாங்காது, மெரின்."

"ஆறு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. அதுக்கு உன் அட்டவணைல ஒரு பத்தி போட்டியா?"

டீகன் போனை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். அந்த வடக்குப் பாதை முழுவதற்கும் இழுவை வண்டி வைத்திருக்கும் டட்லி என்பவரின் நம்பரைத் தேடிப் பிடித்திருந்தாள். மறுமுனையில் ஒரு கரகரத்த குரல் வந்தது.

"சொல்லும்மா. எங்க நிக்குறீங்க?"

"இன்னும் கிளம்பலைங்க. போன வருஷம் எத்தனை வண்டி இழுத்தீங்கன்னு தெரியணும். எங்கப்பாவுக்காகக் கேக்குறேன்."

"எழுபத்திமூணு. அதுல முப்பத்தஞ்சு டயர். பதினொண்ணு டீசல் வண்டில பெட்ரோல் ஊத்தினது. ஒன்பது, சாவியை உள்ள வெச்சுப் பூட்டினது. பதினாறு, கடைல வந்த வண்டில இவங்களா எதையாவது மாட்டினது."

லிண்ட்ஸே போனை நோக்கிக் குனிந்தான். "வண்டி தானா செத்தது எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு கங்காரு மேல மோதினது. அதை வண்டி தப்புன்னு சொல்ல முடியாது. கங்காரு தப்புன்னும் சொல்ல முடியாது."

"எந்தக் கம்பெனி வண்டி அதிகமா நிக்குது?"

"நான் அதெல்லாம் பாக்கறதில்ல, சார். கொக்கி மாட்டுற இடத்தைத்தான் பாப்பேன்." மரியாதையாகச் சேர்த்துக்கொண்டார்: "ஆனா எனக்குக் கிடைக்கிறவங்க எல்லாம் உங்களை மாதிரி விவரமானவங்கதான்."

மேசையில் யாரும் லிண்ட்ஸேயைப் பார்க்கவில்லை. டீகனின் தம்பி, பன்னிரண்டு வயது ஜேகோ மட்டும் பார்த்தான். மெரின் அவன் தலையைத் தட்டுப் பக்கம் திருப்பினாள்.

அடுத்த வாரமே லிண்ட்ஸே வாங்கிவிட்டான். எங்கள் வட்டாரக் கால்நடை டாக்டரம்மா பதினொரு வருடம் ஓட்டிய ஜப்பான் வண்டி. எண்ணெய் மாற்றிய தேதியெல்லாம் பசுவுக்குச் சினை பார்த்த குறிப்பைப் போல அழகாக எழுதி வைத்திருந்தார். நல்ல வண்டி. அப்படியே சாவியைத் திருகி வடக்கே போயிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் நம்பகமான வண்டி கிடைத்ததும் லிண்ட்ஸேக்கு அதன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நிற்காத வண்டிதான், நின்றுவிட்டால்? அந்த "விட்டால்" ஒன்றுக்காக முன்னால் இரும்புத் தடுப்பு ஏறியது. அதில் சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் கம்பிச் சுருள் ஏறியது. பின்னால் இரும்பு இழுப்பறைகள், இரண்டாவது பேட்டரி, ஜெனரேட்டர், கூரைமேல் மடக்குக் கூடாரம். ஏற்கெனவே இருந்த உதிரிச் சக்கரம் கெட்டுப்போனால் என்று இன்னும் இரண்டு உதிரிச் சக்கரம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பச்சைப் பெட்டி. அதில் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், தண்ணீர் பம்ப், பேரிங்குகள், குழாய்கள், பட்டைகள் என்று கிட்டத்தட்ட இன்னொரு வண்டி துண்டு துண்டாக இருந்தது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஏழு கிலோ பை என்று உத்தரவு. தராசு வைத்து நிறுத்தான்.

ஜூலை ஆறு காலை, நான்கு பேரும் கிளம்பி நேராக என்னிடம் வந்தார்கள். நான் தானியக் கிடங்கில் லாரிகளை நிறுக்கும் எடைமேடை பார்க்கிறவன். அறுவடை இல்லாத மாதம். மேடை சும்மாதான் கிடந்தது. எங்கள் ஊரில் நெடும்பயணம் போகிறவர்கள் வண்டியை இங்கே ஒரு தடவை எடை போட்டுவிட்டுப் போவது உண்டு. லிண்ட்ஸேக்கு அந்தச் சீட்டு வேண்டும். சங்கத்தில் காட்டுவதற்கு.

வண்டி மேலே ஏறியது. அதன் பின்பாகம் ஏற்கெனவே உட்கார்ந்த கோழியைப் போல இருந்தது. கதவோரத் தகட்டில் பொறித்திருந்த அளவு, ஆளும் சாமானும் எண்ணெயும் சேர்த்து மூவாயிரம் கிலோ. அதற்குமேல் போனால் ஸ்பிரிங் உடையும், சேஸிஸ் விரியும், காப்பீட்டுக்காரன் கைவிரிப்பான். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே லிண்ட்ஸேதான்.

"மூவாயிரத்து இரநூத்தி எண்பத்தஞ்சு" என்றேன் என் அறை ஜன்னல் வழியாக.

"தராசு சரியில்ல, மச்சான்."

"இதுக்கு முன்னாடி நூறு விவசாயி அதையேதான் சொன்னான். நூத்தியோராவது ஆள் நீ."

 அவன் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தான். முதலில் ஜேகோவின் பந்து வெளியே வந்தது. பிறகு மெரினின் தலையணை. பிறகு டீகனின் நான்கு புத்தகங்கள். என் ஜன்னலோரம் எல்லாம் அடுக்கப்பட்டன.

"இப்போ?"

"ஆறு கிலோ குறைஞ்சிருக்கு."

லிண்ட்ஸே காகிதத்தில் ஏதோ கணக்குப் போட்டான். நல்ல மனிதன். மனிதர்கள் எதிரில் இருக்கும்போது கணக்கு மட்டும்தான் கண்ணில் படும், அவ்வளவுதான்.

"டீகன், நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நீ ஃபிளைட்ல ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வந்துட்டா, நாங்க அங்க வந்து உன்னைக் கூட்டிக்கறோம். உனக்கும் அலைச்சல் இல்ல."

மெரின் என்னைப் பார்த்தாள். நான் எடைத் திரையைப் பார்த்தேன். டீகன் கதவைத் திறந்து இறங்கி, மேடையை விட்டு வந்து என் ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

"இப்போ எவ்ளோ, மாமா?"

"மூவாயிரத்து இரநூத்திப் பதினெட்டு."

"பத்தாதே. ஜேகோ, நீயும் இறங்குடா. அம்மா, நீங்களும்."

இருவரும் இறங்கி வந்தார்கள். ஜேகோவுக்கு இது விளையாட்டாக இருந்தது.

"இப்போ?"

"மூவாயிரத்துத் தொண்ணூத்தொம்பது."

"அப்பா, நீங்களும் இறங்கிடுங்க. வண்டி மட்டும் தனியா போயிட்டு வரட்டும். அதுக்கு ஒண்ணும் ஆகாது."

அவன் இறங்கினான். கோபத்தில் இறங்கவில்லை, எண்ணைத் தெரிந்துகொள்ளும் ஆவலில்தான் இறங்கினான் என்று நினைக்கிறேன். நான்கு பேரும் என் ஜன்னலோரம் வரிசையாக நிற்க, மேடையில் அந்த வண்டி தன்னந்தனியாக நின்றது. திரையில் எண்கள் இறங்கி ஓரிடத்தில் நின்றன.

"மூவாயிரத்து அஞ்சு" என்றேன். எனக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது.

ஆளே இல்லாமல் ஐந்து கிலோ அதிகம்.

லிண்ட்ஸே அருகில் வந்து கண்ணாடி வழியாகத் தானே படித்துப் பார்த்தான். அவன் காது சிவந்தது. நான்கு வருடம், நாற்பத்தொரு பத்தி. அவற்றில் ஒன்றில்கூட டீகன் எத்தனை கிலோ என்று இல்லை.

"வழில நின்னுட்டா என்ன பண்றது?" என்றான் மெதுவாக. யாரையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை.

"நின்னா நிக்கட்டும்பா" என்றாள் டீகன். "ஸ்கூல் திறக்கப் பதினாறு நாள் இருக்கு. எனக்கு எங்கயும் போக வேண்டியதில்ல."

"டிசம்பர்ல நான் அந்த ஏப்ரனைக் கட்டணும்."

"உனக்கு ரோஜா நிறம் எடுக்கும்" என்றாள் மெரின். "கல்யாணத்துக்கு அந்த நிறத்துல ஒரு சட்டை போட்டிருந்த."

"அது சால்மன் நிறம்."

"அதான்."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் போய்ப் பின்கதவைத் திறந்தான். பச்சைப் பெட்டியை நானும் அவனும் தூக்கி இறக்கினோம், தொண்ணூற்றாறு கிலோ. என் முதுகு இன்றுவரை அதைச் சொல்கிறது. கூடுதல் சக்கரம் இரண்டும் உருண்டு வந்தன. ஜெனரேட்டர் வந்தது. என் ஸ்பேனர்களை எடுத்து வந்து இழுப்பறைகளைக் கழற்றினோம். கூரைக் கூடாரத்தை இறக்க நாலு பேரும் தோள் கொடுத்தார்கள். ஒவ்வொன்று இறங்கும்போதும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நின்றது. என் கொட்டகையிலிருந்த பழைய கித்தான் கூடாரத்தை அதற்குப் பதில் கொடுத்தேன். ஒரு மூலையில் எலி கடித்திருந்தது, மற்றபடி நல்லது. பந்தும் தலையணையும் புத்தகங்களும் திரும்ப உள்ளே போயின. நான்கு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை மெரின் ஓட்டுநர் இருக்கையில். ஜேகோ முன்னால் ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டதால், லிண்ட்ஸே பின்னால், டீகனுக்குப் பக்கத்தில். அவன் முழங்கால்கள் முன் சீட்டில் முட்டின.

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு" என்றேன். "இன்னும் முப்பத்திநாலு கிலோ இடம் இருக்கு."

 லிண்ட்ஸே கண்ணாடி வழியாக, தரையில் கிடந்த பச்சைப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளியில் முதல் நாள் குழந்தையை விட்டுவிட்டு வருகிற தகப்பனின் பார்வை.

டீகன் அவன் பார்வை போன திசையைப் பார்த்தாள். கதவைத் திறந்து இறங்கினாள். பெட்டியின் மூடியைத் தூக்கிக் கொஞ்சநேரம் துழாவினாள்.

"மாமா, இதுல ஆல்டர்னேட்டர் எது?"

காட்டினேன். அதை இரண்டு கையாலும் தூக்கி வந்து அப்பாவின் மடியில் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு. பெட்டியை இனிமே திரும்பிப் பாக்கக் கூடாது."

"ஆறு கிலோ நூறு கிராம்" என்றான் லிண்ட்ஸே. அது விழுந்துவிடாதபடி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான்.

"தெரியும்பா. நகருங்க, எனக்கு இடம் பத்தல."

அவன் நகர்ந்தான். மெரின் சாவியைத் திருகினாள்.