அறுந்த கம்பிக்கு இந்தப் பக்கம்

மின்சாரம் போய் நூற்றுப் பதினோரு மணி நேரம் ஆகியிருந்தபோது வயர்மேன் குழந்தைவேலு அந்தக் கம்பத்தில் ஏறினார். அவராக இறங்கவில்லை. கயிறு கட்டி இறக்கினார்கள்.

மணிக்கணக்கை நஸ்லின் ஒரு நோட்டில் குறித்து வந்தாள். இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டோடு இருப்பவளுக்குக் குறித்து வைக்க வேறு எதுவும் இல்லை. அந்த ஐப்பசிப் புயலில் பெரக்கரை நாட்டு மலையூர்கள் முழுக்க சில்வர் ஓக் மரங்கள் கம்பிகளின் மேல் சாய்ந்து கிடந்தன. மலைக்கு அப்போது ஒரே லைன். கீழே ஏதோ ஒரு வளைவில் கிளை முறிந்தால் மேலே அத்தனை ஊரும் இருண்டுவிடும். நஸ்லினின் வீடு லைனின் கடைசியில் இருந்தது. முன்பக்கம் அத்தா அப்பாஸ் அலியின் மளிகைக் கடை, பின்பக்கம் குடும்பம், அதற்கும் கீழே கிணறு. வீட்டுக்கு நான்கு கம்பம் தள்ளி, ஓடைச் சரிவில், கம்பி அறுந்து மிளகுக் கொடிகளின் மேல் தொங்கியது. டிரான்ஸ்பார்மரில் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் குழந்தைவேலு அங்கே வந்தார். ஏறி, அறுந்த முனையை இழுத்துப் பிடித்தார்.

விசாரணைக்கு என்ஜினியர் ஜான்பீட்டர் வந்தார். சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கடைக்குள் பார்வையை ஓட்டிவிட்டு, "ஜெனரேட்டர் இருக்குதுங்களா பாய்?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க சார். அதெல்லாம் நடந்து முடிஞ்ச பிறகு முள்ளுக்குறிச்சியில வாங்குனதுங்க" என்றார் அத்தா.

அந்தப் பொய் அவருக்குச் சரளமாக வரவில்லை. ஆனாலும் ஜான்பீட்டர் எழுதிக்கொண்டார். ஊழியரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று அறிக்கை போனது. கையுறை அணியவில்லை என்று அதில் இருந்தது. இரண்டு வருடமாக அந்த மின்வாரிய ஆபீசுக்குக் கையுறையே வரவில்லை என்பது அதில் இல்லை. கவனக்குறைவு என்று எழுதிய பிறகு குடும்பத்துக்கு வாரிசு வேலை கிடையாது. குழந்தைவேலுவின் மனைவி சாமியாத்தாளுக்கு இரக்கப்பட்டு அதே ஆபீசில் தினக்கூலிக்குப் பெருக்கும் வேலை கொடுத்தார்கள்.

ஒருநாள் சமையலறையில் அத்தா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். "மெயினை அணைச்ச மாதிரிதான் இருக்குது ஜொஹ்ரா. ஆனா அணைச்சிருந்தா அந்த மனுசன் எப்படிச் செத்தாரு? நாந்தான் மறந்திருக்கோணும்." தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த நஸ்லின் திரும்பவில்லை. ஜெனரேட்டர் ஓடும்போது மெயின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டு மின்சாரம் வெளியேறிக் கம்பத்துக் கம்பிக்குப் போய்விடும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். அதன்பின் அத்தா ஒரு தொழுகையையும் விடுவதில்லை. கடையில் யாராவது கரண்ட் பேச்சை எடுத்தால் உள்ளே எழுந்து போய்விடுவார்.

சித்திரைக்குள் முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்து இரண்டாவது லைன் மேலே வந்துவிட்டது. பழுதான இடத்தை மட்டும் பிரித்துவிட அங்கங்கே சுவிட்சுகள் வைத்தார்கள். மரக்கிளைகளை வெட்டினார்கள். அத்தனை வருடமாக மனுக் கொடுத்தும் நடக்காதது ஐந்து மாதத்தில் நடந்தது. தொடக்க விழாவுக்கு அத்தாதான் எல்லோருக்கும் டீ கொடுத்தார்.

வைகாசியில் ஒரு பிற்பகல், கோடை மழைக்கு மின்சாரம் போய் நாற்பது நிமிடத்தில் திரும்பி வந்தது. கடையில் நின்றிருந்த சின்னராசு பீடிக்கட்டை வாங்கிக்கொண்டே சொன்னான். "முந்தியெல்லாம் கரண்ட் போனா கல்யாணம் பண்ணிப் புள்ளை பெத்ததுக்கப்பறம்தான் வரும். இப்ப டீ ஆறங்குள்ள வந்துருது."

"ஒருத்தரு சாகோணுமுங்க அதுக்கு" என்றாள் பின்னால் நின்றிருந்த சாமியாத்தாள்.

சின்னராசு பாக்கிச் சில்லறையைக்கூட வாங்காமல் மழையில் இறங்கிப் போனான்.

அவள் அரைக்கிலோ சர்க்கரை கேட்டாள். அத்தா தராசை எடுத்தார். கணக்கு நோட்டோடு உள்வாசலில் நின்ற நஸ்லினுக்கு நகரத் தோன்றவில்லை.

"இன்னிக்கு மொதத் திங்கக்கெழமைங்க பாய். மாசாமாசம் பாதுகாப்பு கிளாஸ். ஜான்பீட்டர் சாரு போர்டுல ஒரு போஸ்ட்டு வரைவாரு. மேல ஒரு ஆளை வரைவாரு. குழந்தைவேலு செஞ்ச தப்பு என்னன்னு கேப்பாரு. பசங்க ஒவ்வொருத்தனா எந்திரிச்சுச் சொல்லுவானுக. கையுறை போடல. சோதிச்சுப் பாக்கல. அவரு கூடவே சுத்துனவனுகதான். கிளாஸ் முடிஞ்சா அந்தப் போர்டை நாந்தானுங்க தொடைக்கோணும்."

சாமியாத்தாள் நஸ்லினைப் பார்த்தாள்.

"கட்டை மூணும் அவரு பையில இருந்துச்சு கண்ணு. என்ற கையால எடுத்து ஆபீசுல குடுத்தேன். கட்டையைப் புடுங்குன கம்பியில கரண்ட் எப்படி வரும்? நீ படிச்ச புள்ளை. சொல்லு."

அத்தா தராசைக் கீழே வைத்தார். "அவளைக் கேக்காதீங்க அம்மிணி. என்னையக் கேளுங்க. ஜெனரேட்டரு அன்னிக்கே எங்கூட்டுல இருந்துச்சு. மெயினை அணைக்காம ஓட விட்டுட்டேன். அந்தக் கரண்டுதான். நாந்தான் மறந்துட்டேன்."

சாமியாத்தாள் அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மறந்துட்டீங்களா" என்று மட்டும் கேட்டாள்.

அத்தா தலையை ஆட்டினார். அவர் தாடி நனைந்திருந்தது. நஸ்லின் பேசாமல் இருந்தால் போதும், இதோடு முடிந்துவிடும். கவனக்குறைவு என்ற சொல் அங்கிருந்து இங்கே இடம் மாறும், அவ்வளவுதான். செய்யாத தப்பை அவர் சாகும்வரை சுமப்பார். வெளியே புதுக் கம்பியில் மழைத்துளிகள் வரிசையாக ஊர்ந்து, கம்பி தொய்ந்த இடத்தில் ஒன்றாகக் கூடிச் சொட்டிக்கொண்டிருந்தன.

"அத்தா மறக்கலீங்க அக்கா" என்றாள் நஸ்லின். அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். "அவரு அணைச்சுட்டுத்தான் போனாரு. ஊட்டுல நாலு நாளாத் தண்ணியில்ல. கெணத்து மோட்டாருக்கு வெளிய போஸ்ட்டுலேர்ந்துதான் கனெக்சன். மெயினைப் போட்டா எங்க ஜெனரேட்டரே அதையும் ஓட்டும். கம்பிதான் அறுந்து கெடக்குதே, ஓடைக்கு அந்தப் பக்கம் கரண்ட் போகாதுன்னு கணக்குப் போட்டேன். இந்தப் பக்கத்து முனையை ஒருத்தரு வந்து புடிப்பாருன்னு நெனைக்கல. தெரிஞ்சுதானுங்க போட்டேன். நாந்தான் போட்டேன்."