தடித்த கம்பி

வலதுகை நடுவிரலின் நகத்தை அவள் வெட்டி முடித்தபோது, கணவர் சுவரைப் பார்த்தார். ஓட்டல் பேண்டில் ஆயுசெல்லாம் வாசித்த பேஸ் கிதார் அங்கே மாட்டியிருந்தது.

எடுத்து அவர் மடியில் சாய்த்தாள். கம்பியில் விரல் பட்டதும் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார்.

“இது யாரோடது?”

“உங்களோடதுதான்.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூச்சு சொரசொரவென்று இழுத்தது. ஒரு மாதமாக அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில்தான் அவள் படுத்திருந்தாள். போகிற உயிர் நிம்மதியாகப் போகட்டும் என்பதைத் தவிர வேறு வேண்டுதல் இல்லை. இப்படி முகம் சுளித்துக்கொண்டா போக வேண்டும்?

கம்பியைத் தடவிப் பார்த்தாள். அரம் மாதிரி இருந்தது. அவர் போட்டிருந்தது ஃப்ளாட்வுண்ட் கம்பி. மேலே சுற்றிய இழை தட்டையாக, கண்ணாடிபோல் விரலை வழுக்கவிடும். கீச்சென்ற சத்தமே வராது. மீட்டினால் ‘தொம்’ என்று உருண்டையாக ஒன்று விழும், உடனே அடங்கிவிடும். கல்யாணமான புதிதில், யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எத்தனை முறை போய்த் திறந்திருக்கிறாள்.

“டேய், இங்க வா.”

தம்பி அடுக்களையிலிருந்து வந்தான்.

“தொடச்சுக் கொண்டு வரேன்னுதானே இத எடுத்துட்டுப் போன?”

“கம்பி கறுத்துப் போயிருந்துச்சுக்கா. அத்தான் கண்ணுக்குப் பளிச்சுனு இருக்கட்டுமேன்னு கடையில குடுத்து மாத்திட்டேன்.”

“பழசு எங்க?”

தலையைச் சொறிந்தான். “மூணு குப்பைக்குப் போயிடுச்சு. தடிச்சது மட்டும் பின்கதவுல இருக்கு. தாழ்ப்பாள் நிக்கல இல்ல, ஆணியில சுத்தி வெச்சேன்.”

“உன் உதவிக்கு உபத்திரவமே தேவலடா. போய் அவுத்துட்டு வா.”

கட்டிலருகே உட்கார்ந்து அவனே மாட்டினான். ஆணி பட்ட வளைவு முழுதாகப் போகவில்லை. திருகி, ஒருமுறை மீட்டினான்.

“இறக்குடா.” கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்.

இறக்கினான்.

“இன்னும் கொஞ்சம்.”

“இதுக்கு மேல இறக்கினா கம்பி தொங்கிடும் அத்தான்.”

“உன் காதுதான் தொங்குது. இறக்கு.”

மறுபடி மீட்டினான். அவர், “ம்” என்றார்.

அவள் அவர் விரலை எடுத்துக் கம்பியின்மேல் வைத்தாள். அது சத்தமில்லாமல் மேலே போயிற்று, கீழே வந்தது. ஒரே ஒருமுறை மீட்டியது. பிறகு அங்கேயே இருந்தது.

சாயங்காலம் மூச்சு நின்றது. அவள் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். சொரசொரப்பே இல்லை. அழுகை வருவதற்கு முன்னால் அவள் தோள்கள் தானாகத் தளர்ந்தன. அந்தக் கையில் மோதிர விரல் நகமும் சுண்டுவிரல் நகமும் வெட்டாமல் கிடந்தன. அவற்றையும் வெட்டிவிட்டுத்தான் தம்பியைக் கூப்பிட்டாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய மறுநாள், படுக்கையைச் சுருட்டி வைத்தாள். கிதாரைச் சுவரில் மாட்டத் தூக்கியபோது கட்டைவிரல் தடித்த கம்பியில் பட்டது. ‘தொம்’.

முன்னறையிலிருந்து தம்பியின் குரல் வந்தது.

“யாரோ வந்திருக்காங்க போலக்கா. நீ இரு, நான் பாக்கறேன்.”

அவள் தடுக்கவில்லை. வாசல் தாழ்ப்பாளை அவன் நீக்குகிற சத்தம் கேட்டது.