காரைத் தரையில் ஒரு எஞ்சின்

புளிச்சோற்றைத் தூக்குப்போசியில் அமுக்கிக்கொண்டிருந்த வள்ளியாத்தாளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளறையில் மகள் பழனியாத்தாள் தன் தம்பி மாரப்பனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"தண்டவாளம் ரெண்டாப் பிரியற எடத்துல நாக்காட்டமா ஒரு கம்பி இருக்கும்டா. கேபின்ல இருக்கற ஆளு இழுத்தாருன்னா அது நகரும். வண்டி எந்தப் பக்கம் திரும்போணுங்கறது அவரு கையிலதான் இருக்குது."

"அம்மாவுக்கு இதெல்லாந் தெரியுமாக்கா?"

"அம்மாவுக்கெங்கடா தெரியும்? அது சோறு கட்டிக் குடுக்கறதோட செரி."

மகளுக்கு எட்டு வயசு. இன்னும் தலைக்குக் குளிக்கத் தெரியாது, சோப்புப்போட்டால் கண்ணெரிகிறது என்று ஊரைக் கூட்டும். அதன் வாயில் இந்தப் பேச்சு. வள்ளியாத்தாளுக்கு வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி சங்கிலி போட்டால் எரியலாம், கூடப்பிறந்தவள் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டால் எரியலாம். பெற்ற மகளைப் பார்த்து எரிந்தால் அதை எந்தக் கோயிலில் போய்ச் சொல்வது? அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷமாக எரிந்துகொண்டிருந்தாள்.

அவள் புருஷன் அப்புசாமி பம்பு மோட்டார் செய்யும் கம்பெனியில் பிட்டர். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு மாடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள் என்று அவனுக்குத் தன் அப்பன் மேல் இன்றைக்கும் கோபம். அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளாகச் செலவழித்தான். சைக்கிளில் முன்னால் மாரப்பன், பின்னால் பழனியாத்தாள், கைப்பிடியில் தூக்குப்போசி. ஒரு வாரம் காந்திபுரத்தில் அச்சாபீசு. பிள்ளைகள் ஈய எழுத்தைப் பொறுக்கித் தங்கள் பேரைத் தாங்களே கோத்து மைபூசிக் காகிதத்தில் ஒற்றிக்கொண்டு வந்தார்கள். ஒரு வாரம் ஐஸ் கம்பெனி. ஒரு வாரம் கொல்லன் பட்டறையில் துருத்தி இழுத்துக் கை கொப்பளித்து வந்தாள் மகள். அதற்கு எண்ணெய் போட்டுவிட்டவள் வள்ளியாத்தாள். போட்டுக்கொண்டே, இந்தக் கொப்பளம் தனக்கு வந்திருக்கக்கூடாதா என்று நினைத்தவளும் அவள்தான்.

அவளிடம் அவன் பேசாமலில்லை. "உப்புக் கம்மி", "சட்டைப் பொத்தான் போயிருச்சு", "எருமைக்குப் புண்ணாக்கு ஆச்சா" என்று பேசினான். பிள்ளைகளிடம் மட்டும் முட்டி போட்டு உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசினான். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவன் அவளுக்கு முன்னால் ஒருநாளும் முட்டி போட்டதில்லை. ஒரே ஒரு தடவை அவளும் கூடப் போனாள், அதுவும் அவள் பிறந்த ஊர் என்பதால். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் அவளுடைய அண்ணன் வயலில் நடவு. அப்புசாமி பிள்ளைகளைச் சேற்றில் இறக்கி நாற்றை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது என்று விளக்கினான். பத்து வயசிலிருந்து நட்டவள் வரப்பின் மேல் சோற்றுக் கூடையோடு நின்றாள். அவன் சொன்ன ஆழம் தப்பு. "அத்தன ஆழம் ஊனுனா தூரு கட்டாதுங்க" என்றாள். "நீ செத்த சும்மா இரு புள்ளே, கொழந்தைகளுக்குக் கொழம்பிப்போகும்" என்றான் அவன். பிள்ளைகள் தப்பாகவே நட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவள் அண்ணன் பெண்டாட்டி அடுத்த நாள் அத்தனையையும் பிடுங்கி நட்டாள்.

இன்றைக்குப் போத்தனூர். நரசிம்மலு என்கிற ரயில் டிரைவர் அப்புசாமிக்குப் பழக்கம். பிள்ளைகளை எஞ்சினிலேயே ஏற்றி, அடுப்பில் கரி போடவிட்டு, யார்டுக்குள் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த வாரம் அவருக்கு ஊர் மாற்றல். இன்று விட்டால் இல்லை. இதைக் கேட்ட நாளிலிருந்து வள்ளியாத்தாளுக்குத் தூக்கமில்லை. வியாழக்கிழமை சோறு போடும்போது வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க மாமா, நானும் வாரனுங்க."

"எங்க?"

"எஞ்சின் பாக்கறக்கு."

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை; அதுதான் அவளுக்கு இன்னும் பொறுக்கவில்லை. "சைக்கிள்ல எடமெங்க இருக்குது? நீ வந்து அதுல என்னத்தத் தெரிஞ்சுக்கப் போறே?"

இடமில்லை. சரி, ஒரு ஆள் குறைந்தால் இடமிருக்கும்தானே. அங்கேதான் புத்தி கோணலாகப் போயிற்று. பழனியாத்தாளுக்குக் காய்ச்சல் என்று சொன்னால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான். சளி என்றால் போர்வை சுற்றியாவது கூட்டிப்போவான். போன மாசம் அப்படித்தான் போனான். வேறென்ன சொல்லலாம் என்று மூன்று நாளாக அரைத்துக்கொண்டிருந்தவள், இப்போது மகளுக்குத் தலைசீவ உட்கார்ந்தபோது கழுத்தோரம் இரண்டு சிவப்புத் தடிப்பைப் பார்த்தாள். எறும்பு கடித்த தடிப்பு. குழந்தை பெற்ற எவளுக்கும் தெரியும்.

அவள் எழுந்துபோய், சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தவனிடம் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, பழனியாளுக்கு அம்மை போட்டாப்பல இருக்குதுங்க."

அவள் போட்ட கணக்கு இதுதான். அப்புசாமி சகுனம் பார்க்காதவன், சூலம் பார்க்காதவன், மாரியம்மன் நோன்பிக்குக் கோயிலில் நடும் கம்பத்தைப் பார்க்கக்கூடப் பலகாரத்துக்காகத்தான் வருகிறவன். 'அப்படியா, அப்ப அவ இருக்கட்டும், பக்கத்தூட்டு அக்கா பாத்துக்கட்டும், மாரப்பனைப் பிடிச்சுக்க நீ ஏறு' என்பான். அவள் நல்ல சேலையைக்கூட மனசுக்குள் எடுத்து வைத்துவிட்டாள்.

அவன் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. உள்ளே ஓடி மகளின் கழுத்தைப் பார்த்தான். முகம் வெளுத்துப் போய், இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிவிட்டான். "தாயே, மாரியாத்தா" என்றான். அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவனுடைய தங்கையை வைசூரி கொண்டுபோயிருந்தது. அந்தத் தங்கையின் பேரைத்தான் மகளுக்கு வைத்திருந்தான். பத்து வருஷம் கூடக் குடியிருந்தவளுக்கு இது மறந்து போயிற்று என்றால், பொறாமை ஆளை எவ்வளவு தூரம் குருடாக்கும் என்று பாருங்கள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சின்னாத்தாள் வந்துவிட்டாள். அந்த வளவு வீடுகளில் யாருக்கு என்ன வந்தாலும் அவள் முதலில் வந்துவிடுவாள். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு அவள் ராஜ்யம்தான். வாசலில் வேப்பிலை ஏறியது. அடுப்பில் தாளிக்கக் கூடாது, எண்ணெய் கூடாது, தலை சீவக் கூடாது, வெளியாள் வரக் கூடாது.

"ஊட்டாளுக யாரும் படி தாண்டப்படாது, சொல்லிப்போட்டேன். தம்பி, ஆத்தா ஊட்டுக்கு வந்துருக்கறப்ப நீங்க ரயிலு பாக்கப் போறதா? எளநி வாங்கறதுக்கு வேணா போய்ட்டு வாங்க."

"நான் எங்கீங்க போறேன்?" என்றான் அப்புசாமி. அவன் குரலே மாறியிருந்தது.

வள்ளியாத்தாள் அடுக்களையில் போய் நின்றாள். எண்ணெய் மினுங்கும் புளிச்சோறு தூக்குப்போசியில் இருந்தது. அதை யாரும் தொடக்கூடாது என்று சின்னாத்தாள் எருமைத் தாழியில் கொட்டச் சொல்லிவிட்டாள். இப்போதாவது 'எறும்புக்கடிதானுங்க' என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஏன் சொன்னாய் என்பான். ஏன் என்று சொல்ல அவளுக்கு வாயில்லை. ஆத்தா பேரை எடுத்துச் சொன்ன பொய் வேறு. வாசல் வேப்பிலையைப் பார்த்து, 'தாயே, பொய்யை நெசமாக்கிப்போடாதே, என்னை என்ன வேணா பண்ணு' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அத்தனை பயத்திலும் அந்த எரிச்சல் மட்டும் அடங்கவில்லை. ஏனென்றால் உள்ளே அப்புசாமி மகளை வேப்பிலைப் படுக்கையில் படுக்க வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தான். மாரப்பன் பிறந்தபோது வள்ளியாத்தாள் ஜன்னி கண்டு மூன்று நாள் பிதற்றினாள். அந்த மூன்று நாளும் அவன் ஷிப்டுக்குப் போய்விட்டு வந்தான்.

மத்தியானம் மகள் அழுதாள், எஞ்சின் போச்சே என்று. அப்புசாமி எழுந்தான். பெட்டியிலிருந்து ஒரு சாக்கட்டியை எடுத்துக் காரைத் தரையில் கோடு போட ஆரம்பித்தான். சுவரிலிருந்து சுவர்வரை போட்டான். "இது பாய்லர். இது நெருப்புப்பெட்டி. இந்த எடத்துலதான் டிரைவர் நிப்பாரு. இது நீராவி தொறக்கற கைப்பிடி. இது தண்ணிக் கொழாய். இங்க மேல தொங்குது பாரு, இதுதான் ஊதுறதுக்குச் சங்கிலி." பயத்தை மறக்கப் போடுகிறானா, மகளுக்காகப் போடுகிறானா என்று தெரியாதபடி வேர்க்க விறுவிறுக்கப் போட்டான். மாரப்பன் கரி போட்டான். பழனியாத்தாள் படுக்கையிலிருந்தே உத்தரவு கொடுத்தாள்.

"அப்பா, வெறும் தண்ணி எப்படீங்க அத்தாம்பெரிய வண்டிய நகத்தும்?"

"அடுப்புல கஞ்சி கொதிக்குது பாரு, மூடி ஆடுதா இல்லியா? மாரப்பா, போய்ப் பாத்துட்டு வந்து அக்காளுக்குச் சொல்லு."

மாரப்பன் ஓடிவந்தான். "அம்மா, தள்ளு, மூடியப் பாக்கோணும்."

அவள் தள்ளி நின்றாள். தினம் மூன்று வேளை, பத்து வருஷமாக அந்த மூடி அவள் முகத்துக்கு முன்னால்தான் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு ரயில் வண்டி இருக்கிறது என்று அவளிடம் யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். அவள் மூடியைத் தொட்டாள். ஆவி விரலைச் சுட்டது. கையை எடுக்காமல் அது எவ்வளவு தூக்குகிறது என்று பார்த்தாள். நல்ல பலம். அழுத்தினால் ஓரத்தில் சீறிக்கொண்டு வந்தது.

"ஆடுதப்பா!" என்று கத்திக்கொண்டே ஓடினான் மாரப்பன்.

மூன்று மணி வாக்கில் அப்புசாமி இளநீர் வாங்கக் கிளம்பினான். மாரப்பனும் சைக்கிளில் தொற்றிக்கொண்டான். "அவளப் பாத்துக்க" என்று வாசலில் நின்று சொன்னான். சொல்லும்போது அவளைப் பார்த்த பார்வையில், அவளும் இந்த வீட்டில்தான் இருக்கிறாள் என்பது இப்போதுதான் தெரிந்ததுபோல ஒரு தடுமாற்றம் இருந்தது. அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது.

பழனியாத்தாள் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். வள்ளியாத்தாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள், வாடின வேப்பிலையைக் கூட்ட. கூட்டிக்கொண்டே வந்தவள் கோட்டுக்கு வெளியே நின்றாள். பாய்லர் என்றானே, அது இந்த உருண்டை. நெருப்புப்பெட்டி இது. உள்ளே கால் வைக்கலாமா, அழிந்துபோகுமா? சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்றங்காலுக்குள் இறங்குவதுபோலப் பார்த்துப் பார்த்து அடி வைத்து, டிரைவர் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். சிரிப்பு வந்தது. கையை நீட்டி எதையோ பிடித்தாள்.

"அது தண்ணிக் கொழாயி."

வள்ளியாத்தாள் திரும்பினாள். மகள் திரும்பிப் படுத்து, கண்ணை முழுசாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரமாக என்று தெரியவில்லை.

"தூங்கலியா நீ?"

பழனியாத்தாள் கழுத்தோரத்தைச் சொறிந்தாள். "இது எறும்புதான் கடிச்சுதும்மா" என்றாள். "கடிக்கறப்பவே நசுக்கிப்போட்டேன். செவத்தெறும்பு."

அறைக்குள் வேப்பிலை வாசம் தூக்கலாக இருந்தது. வள்ளியாத்தாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதுவும் தெரியுமா உனக்கு, இதையும் நீதான் எனக்குச் சொல்ல வேண்டுமா. பிறகு கோபம் எங்கேயோ நழுவி, மகள் முன்னால் துணியில்லாமல் நிற்பதுபோலக் கூச்சமாக இருந்தது.

"அப்பாகிட்டச் சொல்லலியா?"

"ம்ஹூம்."

"ஏன் கண்ணு?"

"அப்பா இன்னைக்குப் பூரா எங்கூடவே இருந்தாங்கல்ல" என்றாள் மகள். "அதுக்குத்தான்."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே சோற்றுக்குக் கை நீட்டிய இரண்டு பேர். வள்ளியாத்தாள் சாக்கட்டிக் கோட்டை விட்டு வெளியே வரக் காலை எடுத்தாள்.

"போகாதம்மா" என்றாள் பழனியாத்தாள். வேப்பிலைப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "சங்கிலி அந்தப் பக்கம். மேல. இன்னுங் கொஞ்சம் ஒசரத்துல. நீ இழுத்தீன்னா நான் ஊதறேன்."

வள்ளியாத்தாள் கையை உயர்த்தினாள். வளையல் முழங்கை வரை வழிந்து இறங்கியது. காற்றில் இல்லாத சங்கிலியை விரல்கள் இறுக்கிப் பிடித்தன. அப்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. இளநீர்க் குலையைக் கீழே வைக்கும் சத்தமும், மாரப்பனின் பேச்சும், படியேறி வரும் செருப்புச் சத்தமும் கேட்டன. மகள் உதட்டைக் குவித்து மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். வள்ளியாத்தாள் கதவைப் பார்த்தபடி, தூக்கிய கையை இறக்காமல் நின்றாள்.