கழுவிக் கொடுத்த உறைகள்

"எரிக்கப்போறதை எதுக்கு அத்தை கழுவணும்?"

பக்கத்து வீட்டு லாரஸ் ஆறு வயதில் கேட்டது இது. ஷாம்பு உறைகள் மிதந்த வாளிக்கு முன்னால் குந்தியிருந்தவள், கரும்புக்கொல்லைக்கு அப்பால் தெரிந்த புகைக்குழாயைக் காட்டித்தான் கேட்டாள்.

வார்தினி சிரித்தாள். "எரிக்கிறதில்லடி. அதுல எண்ணெய் எடுக்குறாங்க. மூலையில நல்லாத் தேய்."

ஊர்க் குப்பை வங்கியின் தலைவி அவள். ஞாயிறுதோறும் பெண்கள் கழுவி, காயவைத்து, பிரித்த பிளாஸ்டிக்கை அவள் முற்றத்துக்குக் கொண்டுவருவார்கள். எடை போட்டு, மூட்டையின் வாயைப் பச்சைத் துணியால் கட்டி, மறுநாள் எண்ணெய் ஆலையின் லாரியில் ஏற்றுவாள். 'தூய்மை இறைநம்பிக்கையில் பாதி' என்று சுவரில் எழுதியும் வைத்திருந்தாள். கழுவாத உறை ஒன்று இருந்தாலும் மூட்டையைத் திருப்பிவிடுவாள்.

கிணறுகள் வற்றிய கோடையில் லாரஸின் தாய் சுமியாத்தி அப்படியொரு மூட்டையோடு வந்தாள்.

"வீட்ல தண்ணி இல்லக்கா. இந்த ஒரு தடவை விட்டுடு."

"உன் வாசல் ஜாடியில இருக்கே."

அது வழிப்போக்கர்கள் கைகால் கழுவவும் தொழுகைக்கு முன் ஒளு செய்யவும் சுமியாத்தி தன் வாசலில் வைத்த மண்ஜாடி. எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னபின் சுமியாத்தி என்ன செய்வாள்? ஜாடியைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அந்த ஜாடி காய்ந்தே கிடந்தது. பள்ளிவாசல் குழாயிலிருந்து மேட்டு வீட்டுக்குச் சுமக்கும் தண்ணீர் சுமியாத்தியின் அடுப்புக்கே போதவில்லை.

இந்த வருஷம் காயப்போட்ட மரவள்ளிக்கிழங்கின் மேல் கரி படிந்தது. லாரஸ் இருமத் தொடங்கினாள். கிழங்கு காயும் நாட்களிலாவது ஆலையை நிறுத்தச் சொல்லலாம் என்று வார்தினி போனாள். அங்கே உலைவாயில் ஒருவன் மூட்டைகளைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றின் வாயிலும் பச்சைத் துணி.

"இது எங்க மூட்டை," என்றாள் மேலாளர் ஹெந்த்ரோவிடம்.

"ஆமா இபு," என்றார் அவர், அம்மா என்பதுபோல் மரியாதையாக. "உங்க ஊரு சரக்குதான் காஞ்சு சுத்தமா வருது. சட்டுனு பிடிச்சுக்கும்."

"எண்ணெய் எடுக்குறோம்னு சொன்னீங்களே?"

"எடுக்குறோமே. மேல கொப்பரையில இருக்குறது எண்ணெய்க்கு. கொப்பரை சூடாக வேணாமா?"

"அந்த எண்ணெய்?"

"சுண்ணாம்புச் சூளைக்குப் போகுது."

"அங்க எரிக்கவா?"

"எரிக்கிறதுன்னு சொல்லாதீங்க இபு. காகிதத்துல ரசாயன மறுசுழற்சின்னு இருக்கு."

ஊர்த்தலைவரிடம் மூன்று முறை நடந்தாள்.

"சான்றிதழ் வச்சிருக்காங்கம்மா," என்றார் அவர்.

"இருமலுக்கும் சேர்த்தா பாக்?" என்று மரியாதை குறையாமல் கேட்டாள்.

"பள்ளிவாசலுக்கு ஒலிபெருக்கி கொடுத்தது யாருன்னு மறந்துட்டியா?"

ஞாயிற்றுக்கிழமை அவள் தராசை எடுக்கவில்லை. பார்த்ததை அப்படியே பெண்களிடம் சொன்னாள். இனி ஒரு உறைகூட அங்கே போகக்கூடாது என்றும் சொன்னாள்.

முதலில் வாய் திறந்தவள் கஸ்மினா. "ரெண்டு வருஷம் தலையில தண்ணி சுமக்க வச்சியே அக்கா. விறகைக் கழுவி அடுப்புல வைக்கிற ஊரு உலகத்துல நம்மளுதுதான்."

சிலர் சிரித்தார்கள். வார்தினிக்கு அது வலிக்கவில்லை, நியாயமான பேச்சு. சுமியாத்தி மட்டும் தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். அதுதான் உறுத்தியது.

திங்களன்று லாரி வெறுமையாகத் திரும்பியது. ஆனாலும் புகை நிற்கவில்லை. ஆலைக்கு வேறு ஊர்களும் இருந்தன. அவர்களும் கழுவித்தான் கொடுத்தார்களோ என்னவோ. அடுத்த ஊருக்குப் போய்ச் சொன்னாள். "உங்க ஊருக்குப் பொறாமை," என்று கதவைச் சாத்தினார்கள். நாளை அதற்கடுத்த ஊருக்குப் போக வேண்டும்.

வியாழன் மாலை ஊர்ப் பெண்களெல்லாம் யாசீன் அத்தியாயம் ஓதப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். வார்தினி குழாயடியில் இரண்டு கேன்களை நிரப்பி, தோளில் சுமக்கும் காத்தண்டின் இரு முனைகளிலும் மாட்டி மேடேறினாள். நான்கு நடை. சுமியாத்தியின் வாசல் ஜாடியிலிருந்த சிலந்திவலையைத் துடைத்து, உள்ளே அலசி, விளிம்புவரை ஊற்றினாள். மூடியைப் போட்டு, சிரட்டை அகப்பையை அதன்மேல் கவிழ்த்து வைத்தாள். மண்ணில் சிந்திய ஈரத்தைக் காலால் புழுதி தள்ளி மூடினாள்.

பிறகு பள்ளிவாசலுக்குப் போய், நனைந்த கைகளை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாதி ஓதி முடித்திருந்தார்கள்.